மெய்க்கீர்த்தியின் முதல் வரி

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்தெட்டு. ஆற்றங்கரையில் இருந்த அந்தக் குடிசைக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே ஐயாறனின் காலில்தான் விழுவார்கள். அவர் பதறிப்போய், "நான் இல்லை, அதோ அவர்" என்று அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் பூதியம்மையைக் காட்டுவார்.

ஐயாறன் மாநகரின் அரண்மனையில் நாற்பது வருடம் ஓலை எழுதியவர். அரசர் வாயால் சொல்லும் ஆணையை ஓலையில் ஏற்றுவது அவர் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆணையானாலும் முதலில் மெய்க்கீர்த்தி வர வேண்டும். அரசர் வென்ற நாடுகள், கடந்த கடல்கள், பிடித்த யானைகள் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் விஷயம். கோயில் விளக்குக்கு ஒரு படி நெய் கொடுக்கச் சொல்வதானாலும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், நாடு சுருங்கச் சுருங்க மெய்க்கீர்த்தி நீண்டுகொண்டே போனது. ஐயாறனுக்கு அது வேடிக்கையாகப் பட்டதே இல்லை.

அந்த அரசு விழுந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. மாநகர் எரிந்தது. மிஞ்சியவர்கள் கிடைத்த திக்கில் போனார்கள். ஐயாறன் இங்கே வந்து சேர்ந்தார், மனசு மட்டும் வந்து சேரவில்லை. விடிந்ததும் மாநகர் இருந்த மேற்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஏழு வாசல் முரசும் ஒன்றாக அதிரும் சத்தத்துக்கு ஏங்கினார். மழைக்காலத்தில் ஓலைக்கட்டுகள் விடும் வாசனைக்கு ஏங்கினார். யாராவது ஒரு தடவை 'ஓலைநாயகரே' என்று கூப்பிட மாட்டார்களா என்றுகூட ஏங்கினார். அதை வெளியே சொல்லத்தான் வெட்கம்.

ஒரு நாள் காலை, "அம்மையே, படித்துறையில் துணி துவைக்கிறார்களே, அந்தக் கல்லை எனக்குத் தர வேண்டும்" என்றார்.

"எதற்கு?"

"மெய்க்கீர்த்தியை வெட்டி வைக்க. இப்போது அது என் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது. நான் போனால் அந்த அரசு இன்னொரு தடவை செத்துப்போகும்." மேற்கே கையை நீட்டினார். "அவ்வளவு பெரிய அரசு ஏன் விழுந்தது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. கல்லையாவது கொடுங்கள்."

அம்மை அடுப்பைப் பார்த்தார். கஞ்சி கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"நான் அரசாணை கேட்டதே இல்லை. இந்தப் பானையை இறக்கச் சொல்லி எனக்கு ஓர் ஆணை சொல்லுங்கள். அரண்மனையில் எப்படியோ அப்படியே. சொல்லி முடித்ததும் இறக்குகிறேன்."

ஐயாறனின் முகம் மலர்ந்தது. மூன்று வருடமாக ஒருவரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. மேல்துண்டைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்று, கணீரென்று தொடங்கினார். வடக்கே வென்ற நாடுகள் வந்தன. கஞ்சி பொங்கி வழிந்தது. அம்மை அசையவில்லை. கடலுக்கு அப்பால் உள்ள தீவுகள் வந்தன. அடிப்பிடிக்கும் வாடை வந்தது. பட்டத்து யானையின் பெயருக்கு வந்தபோது புகை கண்ணைக் கரித்தது.

ஐயாறன் நிறுத்தினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மையே, ஒருத்தன் வந்தான்" என்றார்.

"யார்?"

"ஏரிக்கரை ஆள். தொடை வரைக்கும் சேறு. கரை கசிகிறது, இருநூறு பேராவது உடனே வேண்டும் என்றான். அரசர் அந்தக் கணமே சரி என்றார். அவர் மேல் தப்பில்லை. ஓலை என் கையில் இருந்தது. அப்போது மெய்க்கீர்த்தி அறுபது வரி. நான் ஓர் எழுத்தையும் விடவில்லை. அவன் தூணோரமாக நின்றுகொண்டே இருந்தான். 'ஐயா, கொஞ்சம் சீக்கிரம்' என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நான் நிமிர்ந்து பார்த்து முறைத்தேன்."

"பிறகு?"

"ஓலையோடு அவன் போய்ச் சேருமுன் கரை போய்விட்டது. ஒன்பது ஊர். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து நெல் வரவில்லை. படைக்கு ஆளும் வரவில்லை. பகைவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை."

அம்மை பானையை இறக்கினார். கரிந்ததை விட்டு, மேலாக இருந்ததை இரண்டு கலயத்தில் ஊற்றி ஒன்றை அவரிடம் நீட்டினார். இருவரும் குடித்தார்கள்.

கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஐயாறன் மெதுவாகக் கேட்டார். "கல்?"

"எடுத்துக்கொள்ளுங்கள்."

அவர் நம்ப முடியாமல் பார்த்தார்.

"மெய்க்கீர்த்தி முழுவதையும் வெட்டுங்கள். ஓர் எழுத்தையும் விட வேண்டாம். முதல் வரியில் மட்டும் அந்த ஏரிக்கரை ஆளின் பெயரைப் போட்டுவிடுங்கள்" என்றார் அம்மை. "அவன் பெயர் என்ன?"

ஐயாறன் வாயைத் திறந்தார். நாக்கு நுனிக்குப் பட்டத்து யானையின் பெயர்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.