விழவைக்கும் பொத்தான்

"டீச்சர், இன்னைக்கு நீங்க 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா நான் இதோட விட்டுருதேன்" என்றார் ஏசுவடியான்.

கோவில்பட்டிக்கு வெளியே, தண்ணீர் வற்றிய கண்மாய். பிற்பகல் வெயில். அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு, சண்முகவடிவு ஒரு ட்ரோனைப் பிரித்து வைத்திருந்தாள்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பஸ்ஸுல வந்தீங்களா அண்ணே?"

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் ஆச்சு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ட்ரோன் தானாகப் பறப்பதற்கான நிரலை முதலில் எழுதியவள் சண்முகவடிவுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதை ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டாள். அவளிடம் கற்றுக்கொண்டவர் ஏசுவடியான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது அந்த நிரலைப் பார்த்துக்கொள்வது அவர்தான். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் வரும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நிரலில் யார் ஒரு வரி சேர்த்தாலும், எழுதாத இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் அது வெளியே போகும். ஏசுவடியான் புதிதாக எழுதியிருந்ததை ஒரே ஒருவரைத் தவிர யாரும் படிக்க முன்வரவில்லை. படித்த அந்த ஒருவரும் பதில் போடவில்லை.

"அப்படி என்னத்த எழுதினீங்க?"

அவர் போனை எடுத்து நீட்டினார். திரையில் சிவப்பாக ஒரு பொத்தான்.

"நம்ம கோடிங் ஓடுற எந்த ட்ரோனா இருந்தாலும் சரி, எந்த நாட்டுல பறந்தாலும் சரி. நாகர்கோவில்ல எங்க வீட்டு ரூம்ல இருந்து நான் இத அழுத்தினா மோட்டார் நின்னுடும். பொத்துன்னு விழுந்துடும்."

"யாரோடது விழும்?"

"கெட்டவனோடது."

"கெட்டவன்னு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியும் டீச்சர்."

சண்முகவடிவு சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அவருக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். பஸ்ஸில் வரும்போதே சண்டைக்கு எல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"என்ன நடந்துச்சு அண்ணே?"

அவர் மேசையோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வீடியோ பாத்தேன். எங்கேயோ சண்டை நடக்குற ஊரு. ட்ரோன்ல இருந்து எடுத்தது. கீழ ஒரு வீடு தெரியுது. கொடியில துணி காயுது. அப்புறம் வீடு இல்ல."

"ம்."

"அந்தத் திரையோட மூலையில, இங்கிலீஷ் எழுத்துல, 'காத்து ஜாஸ்தி'ன்னு வருது டீச்சர்."

அவள் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தாள்.

முன்னொரு காலத்தில், ஆரல்வாய்மொழிக் காற்றில் சோதனை செய்தபோது, எச்சரிக்கைக்கு என்ன வாசகம் போடலாம் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஏசுவடியான்தான் விளையாட்டாக அதை எழுதினார். அப்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மாற்ற மறந்துவிட்டார்கள்.

"நான் எழுதினது. என் வார்த்தை. அந்த வீட்டுக்கு மேல."

சண்முகவடிவு தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தூக்கம் இல்ல டீச்சர். ஒருத்தன் நம்ம கோடிங்க எடுத்துப் பெட்டியில அடைச்சு விக்கிறான், ரிப்பேர் ஆனா என்னைத் திட்டுறாங்க. ஒருத்தன் கொல்லப் பயன்படுத்துறான். இன்னொரு பக்கம், பொழுதுபோக்குக்கு விடுற பயலுவ எல்லாம் பெர்மிட்டுக்காக ஆபீஸ் ஆபீஸா அலையுறானுவ. நாளைக்கு டிரைவர் இல்லாத கார், லாரி எல்லாத்துலயும் இதுதான் ஓடப் போகுதுன்னு சொல்லுதாங்க. நான் ஒத்த ஆளு எத்தனையத்தான் பாக்க? எனக்கு அசந்து போச்சு."

"தெரியுது."

"அதான் கேக்கேன். ஒண்ணு, இந்தப் பொத்தான நாளைக்கு எல்லாருக்கும் அனுப்பணும். இல்ல, நான் கைய கழுவிட்டுப் போயிருதேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவள் பிரித்துப்போட்ட ட்ரோனை ஓரமாகத் தள்ளினாள். பிறகு எழுந்துபோய் கரையில் நின்ற தன் வேனிலிருந்து ஒரு பெரிய ட்ரோனைத் தூக்கி வந்தாள். மலைச்சரிவில் விதை தூவுவதற்காகச் செய்தது. ஆறு கை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மோட்டார். தூக்கவே ஒரு ஆள் வேண்டும்.

"இதுல ஏத்துங்க, உங்க புதுசை."

அவர் முகம் மலர்ந்தது. மடிக்கணினியைத் திறந்து ஏற்றினார்.

அவள் பேட்டரியை மாட்டினாள். அது முக்கால்வாசி தீர்ந்துபோன பேட்டரி. தெரிந்துதான் மாட்டினாளா என்று ஏசுவடியான் பிறகும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்கிற ஆள் இல்லை.

"எடுக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அதை மேலே ஏற்றினாள். பனைமர உயரத்துக்குப் போய் ஒரே இடத்தில் நின்றது. தூசி அடங்கியது. ரிமோட்டின் வாரைக் கழற்றி ஏசுவடியானின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"போனைக் கையில வச்சுக்கோங்க."

பிறகு நடந்துபோய், ட்ரோனுக்கு நேர் கீழே நின்றாள்.

"அழுத்துங்க அண்ணே."

"என்ன டீச்சர் விளையாட்டு! தள்ளி நில்லுங்க."

"இத நாகர்கோவில்ல உங்க ரூம்ல இருந்து சொல்லுவீங்களா?"

அவர் பொத்தானிலிருந்து விரலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

மேலே ஆறு மோட்டாரும் இரைந்துகொண்டிருந்தன.

"கீழ யாரு இருக்காங்கன்னு ரூம்ல தெரியுமா?"

"தெரியாது."

"காருல ஓடப் போகுதுன்னு சொன்னீங்களே. கெட்டவன் ஓட்டுற கார். பாலத்து மேல போகுது. பின்சீட்டுல யாரு?"

"தெரியாது. போதும், தள்ளி வாங்க."

அவள் நகரவில்லை.

ஏசுவடியானுக்குக் கோபம் வந்தது. கண்ணும் கலங்கியது.

"அந்த வீட்டுக்குள்ள இருந்தவங்ககிட்ட தள்ளி நில்லுங்கன்னு யாரு டீச்சர் சொன்னா?"

இதற்கு அவள் தயாராக இல்லை. தலை குனிந்தது.

"யாரும் சொல்லல."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரியாது அண்ணே. தெரிஞ்சிருந்தா அத உங்க கையில குடுத்துட்டு இங்க வந்து உக்காந்திருப்பேனா?"

ஞானம் வாங்க வந்தவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.  டீச்சர் இவ்வளவு களைத்த முகத்தோடு இருப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவளிடம் சொன்னால் இறங்கிவிடுகிற பாரம் என்று நினைத்து வந்திருந்தார். அது அவளிடமும் இறங்கியிருக்கவில்லை.

கழுத்தில் ரிமோட் கத்தத் தொடங்கியது.

அவர் குனிந்து பார்த்தார். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

பேட்டரி தீரப்போனால் ட்ரோன் யாரையும் கேட்காது. நின்ற இடத்திலிருந்து நேராகக் கீழே இறங்கும். குச்சியால் பக்கவாட்டில் தள்ளலாம், நிறுத்த முடியாது. அப்படி எழுதியதும் அவர்தான். நல்ல வரிகள். எத்தனையோ ட்ரோன்களைக் காப்பாற்றியவை.

அது இறங்கத் தொடங்கியது.

"டீச்சர், இறங்குது! நகருங்க!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டீச்சர்!"

ஆறு இறக்கைகளும் வெயிலில் வட்டமாக மின்னின. இந்த அளவு ட்ரோனின் இறக்கை விரலை வாங்கியதை இருவருமே பார்த்திருக்கிறார்கள்.

சிவப்புப் பொத்தான் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. அழுத்தினால் அது அவள் தலையில் விழும். ஓடிப்போய் அவளை இழுக்கத் தூரம் அதிகம். அவர் போனை வீசி எறிந்துவிட்டு ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் பிடித்தார்.

கையால் ஓட்டி எத்தனை காலம் ஆயிற்று! எழுதுவதும் பதில் போடுவதுமாகவே நாள் போய்விட்டது. வலது பக்கம் தள்ளினார். ட்ரோன் இடது பக்கம் போனது. தப்பாகப் போகிறதே என்று பதறி மறுபக்கம் தள்ளினார். மறுபடியும் அவள் தலைக்கு மேலேயே வந்து நின்றது.

அதன் முகம் அவரைப் பார்த்திருந்தது. முகம் நம்மைப் பார்த்தால் இடம் வலமாகிவிடும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவரே முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது இது.

இறக்கைக் காற்றில் அவள் முடி கலைந்து பறந்தது. தூசி எழுந்து அவளை மறைத்தது.

ஏசுவடியான் காலை அகட்டி ஊன்றினார். குச்சியை ஒரே பக்கமாகத் தள்ளினார். அது எந்தப் பக்கம் போனாலும் போகட்டும் என்று பிடியை மாற்றவே இல்லை.

தூசிக்குள் ஏதோ மோதும் சத்தம் கேட்டது.

மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன.

தூசி அடங்கியபோது அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். ட்ரோன் அவளுக்குப் பக்கத்தில், ஒரு கை உடைந்து, மண்ணில் சாய்ந்து கிடந்தது.

ஏசுவடியான் குச்சிகளை விட்டார். அப்படியே உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைபோல் அழுதார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

சண்முகவடிவு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முடியிலிருந்த தூசியைத் தட்டினாள்.

"பயந்துட்டேன் அண்ணே" என்றாள்.

"பைத்தியமா டீச்சர் உங்களுக்கு?"

"இருக்கும்."

அவர் மண்ணில் கிடந்த போனைத் தேடி எடுத்தார். துடைத்தார். புதிதாக எழுதிய வரிகளைத் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு அழித்தார். அழித்ததால் மனசு லேசாகிவிடவில்லை. அந்த வீடு கண்ணுக்குள் அப்படியேதான் இருந்தது, கொடியில் துணியோடு.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். ரிமோட்டைக் கழற்றித் தரையில் வைக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார்.

"டீச்சர்."

"ம்."

"அசந்து போச்சுன்னு அப்போ நான் குச்சியில இருந்து கைய எடுத்திருந்தேன்னா?"

"எடுக்கலையே அண்ணே."