சுடர்க்கொடியின் பெகோனியா

கோத்தகிரியில் மார்கழி பிறந்தால் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துவிடும். அந்த வருடம் தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக் தணிகாசலம், பழைய ஜன்னல் கண்ணாடிகளை வைத்து வீட்டுக்குப் பின்னால் செடிகளுக்கு ஒரு சின்னக் கூண்டு கட்டினார். உள்ளே அடுப்போ விளக்கோ கிடையாது. இறந்துபோன மூத்த மகள் சுடர்க்கொடி வளர்த்த பெகோனியாப் பூச்செடித் தொட்டிகளை அதில் வைத்தார். சந்துகளில் களிமண் பூசினார். மெக்கானிக் கை, எறும்பு நுழையக்கூட இடம் விடவில்லை. மேலே சாக்குகளைப் போர்த்தினார்.

அந்த ஊரில் சாயங்காலம் சாக்கைப் போர்த்துவார்கள், வெயில் வந்ததும் எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கவே இல்லை.

தை பிறப்பதற்குள் ஒரே ஒரு செடியைத் தவிர மற்றவையெல்லாம் அழுகிப்போயின. தணிகாசலம் தன் குரு சிவகாமி அம்மையிடம் ஓடினார். அம்மை அவரைவிட வயதில் சிறியவர். அதிகம் பேசமாட்டார்.

"ஒரு பொட்டுப் பனி உள்ள போகலம்மா. அப்படிக் காத்தேன். நான் என்ன குறை வச்சேன்?"

அம்மை அவரோடு வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். கூண்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சாக்கின் முனையைப் பிடித்தார்.

"வேண்டாம்மா! மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்."

"உள்ள அடுப்பு இருக்கா?"

"இல்ல."

"அப்ப ராத்திரிக்குச் சூடு?"

"பகல் வெயில்ல ஏறுற சூடுதான்."

"தெரிஞ்சுமா மூடி வச்சீங்க?"

தணிகாசலத்தின் குரல் உடைந்தது. "பள்ளிக்கூடச் சுற்றுலா போய்க் கவிழ்ந்த பஸ்ல சுடர்க்கொடியை ஏத்திவிட்டவன் நான். ஜன்னலோர இடம் பிடிச்சுக் கொடுத்ததும் நான்தான். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாம்மா."

அம்மையின் கண்களும் நிறைந்துவிட்டன. ஆனால் கை சாக்கை விடவில்லை. மெல்ல இழுத்தார். இரண்டே இலையோடு நின்ற செடியின்மேல் வெயில் விழுந்தது.

பிறகு அம்மை வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இளைய மகள் அல்லி நின்றுகொண்டிருந்தாள். அக்கா போனதிலிருந்து அவளைத் தணிகாசலம் பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பவில்லை.

தணிகாசலமும் அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"திறந்து வச்ச நேரத்துல பனி வந்துட்டா?"

"வரலாம்" என்றார் அம்மை. "சாயங்காலம் மூடறதுக்கு நீங்க இருப்பீங்கல்ல?"