நண்டு வைத்தியரும் மதகுச் சிப்பிகளும்

காட்டோரக் குளம் ஒன்றில் கொடுக்கன் என்றொரு நண்டு இருந்தது. அந்தக் குளத்துக்கே தான்தான் வைத்தியர் என்று அதற்கு நினைப்பு. பட்டம் கொடுத்தது யார்? அதுவேதான் கொடுத்துக்கொண்டது!

ஒருநாள் எங்கோ ஓர் அணையிலிருந்து ஒரு பரிசல் வந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு அயலூர்ச் சிப்பிகளும் வந்தன. வந்தவை மதகுக் குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு வழியையே அடைத்துவிட்டன. வாய்க்கால் தண்ணீர் உள்ளே வரவில்லை. குளம் நாளுக்கு நாள் வற்றியது.

"இப்படியே போனா என் குஞ்சுங்க சேத்துலதான் கிடந்து துடிக்கும்!" என்று விரால் மீன் அழுதது.

"நான் எதுக்கு இருக்கேன் அக்கா? ஒரே நாள்ல ஒழிச்சுக் காட்டுறேன் பாரு!" என்றது கொடுக்கன்.

பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் மருந்தடிக்க வைத்திருந்த மயில்துத்தம் என்ற நீல நிற விஷ உப்பு குளத்தங்கரையில் சிந்திக் கிடந்தது. கொடுக்கன் அதில் பாதியை இழுத்து வந்து மதகு வாயில் ஒரேயடியாகத் தள்ளியது.

தண்ணீர் நீலமானது. சிப்பிகள் படக் படக்கென்று ஓடுகளை மூடிக்கொண்டன. நீலம் குளத்துக்குள் பரவியது. விரால் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தாய் விரால் அலறிக்கொண்டே அவற்றை எதிர்க்கரைக்கு ஓட்டிச் சென்றது. வைத்தியருக்கே செவுள் எரிந்தது! விழுந்தடித்துக் கரையேறி, வளைக்குள் புகுந்து, சேற்றால் வாசலை அடைத்துக்கொண்டது.

மூன்று நாள் கழித்து மெல்ல எட்டிப் பார்த்தது. சிப்பிகள் ஜம்மென்று வாய் திறந்திருந்தன.

"என்ன வைத்தியரே, உங்க உடம்பு தேவலையா?" என்று ஒரு சிப்பி கேட்டது.

விரால் நலம் விசாரிக்கவில்லை. "ஏழு குஞ்சு போச்சுடா, பாவி!" என்று கதறியது.

கொடுக்கன் வெட்கத்தோடும் துக்கத்தோடும் தன்னையே திட்டிக்கொண்டது. 'அட மடையா! எரிஞ்சதும் நீயே கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே கிடந்தியே. சிப்பி மட்டும் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு விஷம் குடிக்குமா? உனக்கு இருக்கிற புத்தி அதுக்கு இருக்காதா?'

"அக்கா, நான் வைத்தியனும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. ஆனா ஒரு தடவை பொறுத்துக்கோ. குஞ்சுங்களை மட்டும் இந்தப் பக்கம் விடாதே" என்றது.

மதகைச் சுற்றிச் சேற்றால் வரப்பு கட்டியது. தினமும் கடுகளவு துத்தம் மட்டும் உள்ளே கரைத்தது. அவசரம் அதன் கொடுக்கை அரித்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டது.

"லேசாக் கசக்குது, பரவாயில்லை!" என்றபடி சிப்பிகள் திறந்தே இருந்தன. இருபதாம் நாள் ஒவ்வொன்றாகப் பிடிவிட்டு உதிர்ந்தன. நீலம் தெளியும்வரை காத்திருந்துதான் கொடுக்கன் வரப்பை உடைத்தது.

புதுத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. மிச்சமிருந்த குஞ்சுகள் துள்ளி விளையாடின. கொடுக்கன் கிட்டே போகவில்லை. எத்தனை இருக்கின்றன என்று பார்க்க அதற்குத் தைரியம் வரவில்லை.

ஆத்திரத்தில் அள்ளிக் கொட்டும் மருந்து எதிரியை ஒன்றும் செய்யாது, கூட இருப்பவர்களைத்தான் கொல்லும்.