தாளாளர் எழுதிக் கொடுத்த விளம்பரம்

மாலத்தீவில் டீச்சர் வேலை கிடைத்த செம்மலரின் கதை இது. விசாவுக்கு அனுப்ப எல்லாக் காகிதமும் தயார். இங்கே கணக்குப் பாடம் நடத்தியதற்குப் பள்ளிக்கூடம் தரவேண்டிய அனுபவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. சாயங்காலக் கூரியரில் அனுப்பாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

தாளாளர் அருணகிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீ போயிட்டா கணக்குக்கு யாரு? உன்னை மாதிரியே ஒருத்தியைக் கொண்டாந்து நிறுத்து. அப்புறம் சான்றிதழ் கேளு."

"சரிங்க ஐயா. வர்றவங்களுக்கு நான் எப்படின்னு தெரியணுமே. லெட்டர்பேடுல ஒரு விளம்பரமா எழுதிக் கொடுங்க."

யாரும் சிக்கமாட்டார்கள் என்ற தெம்பில் அவர் தாராளமாக எழுதினார். "எங்கள் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி, ஒரு பிள்ளையைக்கூடத் தோற்கவிடாத செம்மலருக்கு இணையான ஆசிரியை தேவை." கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

செம்மலர் அதை அப்படியே விசாக் கவருக்குள் வைத்து ஒட்டினாள்.

"ஏம்மா, அது ஆள் தேடத்தானே எழுதினேன்?"

"விசாவுக்குக் கேட்ட சான்றிதழ்லயும் இதுதானே ஐயா இருக்கணும்? ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது இதை வாயால சொல்லியிருந்தீங்கன்னா, நான் மாலத்தீவைத் தேடியிருக்கவே மாட்டேன்."

கவர் சாயங்காலமே கிளம்பிவிட்டது. தாளாளர் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம்.