இத்தாலிப் படமும் இருளாயிக் காக்கையும்

குளக்கரை வேப்பமரத்தில் இருளாயி என்ற காக்கை கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். அந்த மரத்தையே ஒரு குயில் ஜோடி சுற்றிச் சுற்றி வந்தது. ஆண் குயிலின் பெயர் சோலையப்பன். அவன் மனைவிக்கு முட்டையிடும் நேரம். குயில்களுக்குத்தான் கூடு கட்டும் வழக்கமே கிடையாதே! ஆனால் இருளாயியோ கூட்டை விட்டு நகர்கிற வழியாக இல்லை.

அக்கரையில் பள்ளி மைதானம். ஒரு மாலை அங்கே வெள்ளைத் திரை கட்டி, இத்தாலியில் எடுத்த சின்னக் கார்ட்டூன் படம் போட்டார்கள். பேச்சே இல்லை, வயலின் சங்கீதம்தான். இருளாயி கூட்டிலிருந்தே பார்த்தாள். திரையில் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி. வயலின் வேகமெடுத்ததும் ஒரு காக்கை பறந்து வந்து, கோஷ்டித் தலைவரின் பொய்முடியைக் கொத்திக்கொண்டு போயிற்று! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இருளாயிக்கு உச்சந்தலை எரிந்தது. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நம்மூர்க்காரங்கதான் வடைத் திருடின்னு சொல்றாங்க. இந்த இத்தாலிக்காரனுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?” என்று கத்தினாள்.

அவள் கூட்டிலேயே யார் வீட்டுக் கொடிக்கம்பியோ, யார் வீட்டு எவர்சில்வர் கரண்டியோ செருகியிருந்தது. கோபக்காரிக்கு அதெல்லாம் கண்ணில் படுமா?

சோலையப்பன் பக்கத்துக் கிளைக்கு வந்தான். “அநியாயம், அக்கா! குலத்துக்கே அவமானம்! நாளைக்கும் இதே படம்தானாம். சும்மாவா விடப்போறீங்க?”

“விடுவேனா? திரையைக் கிழிச்சு எறியறேன் பார்!”

“ஒத்தையாப் போனா யாரு மதிப்பாங்க? மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போங்க!”

அவள் புருஷன் சங்கையா தயங்கினான். “முட்டையை யாருடி பார்த்துக்குவா?”

“மானமே போகுது, உங்களுக்கு முட்டை பெரிசாப் போச்சா? கிளம்புங்க!”

மறுநாள் மாலை ஊர்க் காக்கையெல்லாம் திரண்டு போய்த் திரையைச் சுற்றிக் கரைந்து தீர்த்தன. பிள்ளைகளோ, “படத்துக்கு நிஜக் காக்காவே வந்துருச்சு!” என்று கைதட்டினார்கள். இருளாயிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. திரையைக் கிழிக்கப் பாய்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து வயலின் மெல்லத் தணிந்தது. அவள் திரை கட்டிய கம்பத்தில் உட்கார்ந்து ஏறிட்டுப் பார்த்தாள்.

திரையில் அடைமழை. படத்துக் காக்கை அந்தப் பொய்முடியைக் கூட்டில் பரப்பி, முட்டைகளின் மேல் சிறகை விரித்துக் கிடந்தது. கோஷ்டி முழுவதும் கூட்டைச் சுற்றிக் குடைபிடித்து நின்று தாலாட்டு வாசித்தது. குஞ்சுகள் தலை நீட்டும்வரை அந்தக் காக்கை அசையவே இல்லை. தலைவர் மொட்டைத் தலையில் மழை சொட்டச் சொட்ட, அதற்குத் தலைவணங்கினார்.

இருளாயிக்குத் தன் கூடு நினைவுக்கு வந்தது. “ஐயோ, என் முட்டை!” என்று அலறிக்கொண்டு பறந்தாள்.

வேப்பமரத்தடியில் அவளுடைய முட்டைகள் உடைந்து கிடந்தன. கூட்டிலோ வேறு யாருடைய முட்டைகளோ, கொஞ்சம் சின்னதாக, இன்னும் சூடு ஆறாமல் இருந்தன.

“அடப் பாவி! அக்கான்னு கூப்பிட்ட வாயாடா அது?” என்று நெஞ்சு வெடிக்கக் கதறினாள்.

எட்ட இருந்த புளியமரத்திலிருந்து சோலையப்பனின் குரல் இனிமையாக வந்தது.

“முட்டை பெரிசில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க, அக்கா!”

பாதிக் கதையைப் பார்த்துக் கொதிக்கிறவர்கள், தூபம் போடுகிறவனுக்குத் தங்கள் வீட்டைத் தாங்களே திறந்துவிட்டுப் போகிறார்கள்.