எதிரி எழுதிய மொய்

மொச்சையூர், கள்ளிமேடு, ஆவாரம்பாடி என்று மூன்று குட்டி ராஜ்யங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாய்க்கால், மூன்றுக்கும் சேர்த்து அரை மூளை. மேட்டுப்பக்கம் இருந்த நெட்டேரி ராஜா ஒருநாள் அந்த வாய்க்காலை மண் கொட்டி அடைத்துவிட்டார்.

அதிகம் துடித்தவர் மொச்சையூரின் பொக்கிஷக்காரர் சடகோபன்தான். அவருடைய வெற்றிலைக் கொடிக்கால் வாடிக்கொண்டிருந்தது. காலையில் ஒவ்வொரு கொடியாகத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்குவார். பாவம், நல்ல மனுஷன்.

மூன்று ராஜாக்களும் கூடி, போர் என்று முடிவு கட்டினார்கள். செலவை எப்படிப் பிரிப்பது?

"சடகோபா, இந்தப் போர்ல கலந்துக்கற ஒருத்தரையும் விடாம பங்கு வாங்கு. ஒரு பங்கு குறைஞ்சாலும் படை நகரக்கூடாது" என்றார் மொச்சையூர் ராஜா.

சடகோபனுக்குத் தெரிந்த பங்கு மொய் ஒன்றுதான். எல்லையில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, மொய் நோட்டோடு உட்கார்ந்துவிட்டார். மூன்று ராஜாக்களும் ஆளுக்கு நூறு வராகன் எழுதினார்கள். கள்ளிமேட்டுச் சேனாதிபதி ஒரு பித்தளைக் குடம் வைத்தார்.

"எல்லாரும் எழுதியாச்சா?" என்றார் சேனாதிபதி.

"நெட்டேரிக்காரங்க இன்னும் எழுதலையே."

"அவங்க எதிரியாச்சே, ஐயா!"

"எதிரிதான். போர்ல கலந்துக்கறாங்களா, இல்லையா?"

சேனாதிபதி வெகுநேரம் யோசித்தார். "அட ஆமா! சம்பந்தி வீட்டை விட்டுட்டுக் கல்யாணமா?"

சடகோபன் தாம்பாளத்தோடு நெட்டேரிக்கு நடந்தார். அந்த ராஜா முதலில் திகைத்தார். ஆனால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததை எப்படித் தட்டுவது? படையோடு வந்து ஐந்நூற்றொரு வராகன் எழுதினார். "பெரிய மனுஷன், பெரிய மனுஷன்!" என்று பந்தலே பேசிக்கொண்டது.

மொய் எழுதியவரை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? எல்லாப் படைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. போருக்குச் சேர்ந்த பணமெல்லாம் வடையும் பாயசமுமாகக் கரைந்தது. சாப்பிட்டு எழுந்த எவராலும் இடைக்கச்சையை இறுக்க முடியவில்லை. எல்லாரும் மரத்தடியில் சாய்ந்துவிட்டார்கள்.

நெட்டேரி ராஜா மூன்றாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, "இவங்க வாய்க்காலையா அடைச்சேன்!" என்று உருகிப்போய், அடைப்பை வெட்டிவிடச் சொன்னார். தண்ணீர் வந்தது. சடகோபன் கொடிக்காலில் நின்று கூத்தாடினார்.

ஒரு மாதம்தான் நிம்மதி. பிறகு தூக்கம் போய்விட்டது. நேராக நெட்டேரிக்குப் போனார்.

"மகாராஜா, உங்க வீட்டுப் போர் எப்போ? வாங்கின மொய்யத் திருப்பிச் செய்யணுமே."

"எனக்கு யாரோடயும் சண்டை இல்லையேப்பா."

"எங்களோடயே போடுங்க."

"காரணம் வேண்டாமா?"

சடகோபன் தலையைச் சொறிந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "நாங்கதான் இன்னும் மொய்யத் திருப்பலையே! அது போதாதா?"

நெட்டேரி ராஜாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

வாசல்வரை போன சடகோபன் திரும்பி வந்தார். "அழைப்புக்கு வெத்தலைய வெளியில வாங்கிடாதீங்க, மகாராஜா. நம்ம கொடிக்கால்ல இப்போ நல்லாத் தளிர்த்திருக்கு."