மரம் வெட்டாமல் ஒரு மண்டபம்

தும்பைநாட்டு மன்னர் விசயாலருக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மன்னரின் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் கடற்கரை நாட்டு ராஜகுடும்பம். ஆயிரம் பேரோடு வருகிறோம் என்று ஓலை அனுப்பியிருந்தார்கள். அத்தனை பேரை உட்கார வைத்துச் சாப்பாடு போட அரண்மனையில் இடம் இல்லை.

கட்டட வேலைகளைக் கவனிக்கும் அமைச்சர் பூபதியார் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "புது மண்டபம் கட்டிவிடலாம், அரசே. வேங்கைக்காட்டில் எண்ணூறு மரம் வெட்டினால் போதும். கல்லுக்குக் கிழக்கு மலையை உடைத்துக்கொள்ளலாம்."

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். மாசிலாமணி மட்டும் ஆட்டவில்லை. அரண்மனையில் அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. மன்னருக்கு யோசனை சொல்வார். யோசனை வராத நாளில் சிரிக்க வைப்பார்.

"என்ன மாசிலாமணி, கழுத்துச் சுளுக்கா?" என்றார் மன்னர்.

"இல்லை அரசே. அந்தக் காட்டிலிருந்துதான் ஓடை வருகிறது. மரம் போனால் ஓடையும் போகும். கீழே பதினெட்டு ஊர் வயல் காய்ந்துவிடும். ஒருநாள் விருந்துக்குப் பதினெட்டு ஊரைப் பட்டினி போட வேண்டுமா?"

பூபதியாரின் முகம் கறுத்தது. "பேசுவது சுலபம். மரம் வெட்டாமல், கல் உடைக்காமல், செங்கல் சுடாமல் இவரே ஒரு மண்டபம் கட்டிக் காட்டட்டும்."

மகள் கல்யாண விஷயத்தில் மாசிலாமணி குறுக்கே பேசியது மன்னருக்கும் பிடிக்கவில்லை. "சரி, அப்படியே கட்டும். நாற்பது நாள் தருகிறேன். முடியாவிட்டால் பூபதியார் கோடாரியை எடுப்பார். நீர் நாட்டை விட்டுப் போவீர்."

"மரம், கல், செங்கல். வேறு ஏதாவது கூடாதா, அரசே?"

"கூரை இல்லாமல் கட்டக் கூடாது."

செய்தி மாசிலாமணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி செங்கமலம் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருக்குப் போகிறோம்?" என்று கேட்டாள்.

"எங்கும் போகவில்லை. மண்டபம் கட்டப் போகிறேன்."

"எதை வைத்து? வாயை வைத்தா?"

உள்ளுக்குள் மாசிலாமணிக்கும் பயம்தான். மூன்று நாள் கோட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான்காம் நாள் வடக்கு மதிலோரம், முள்புதருக்குள் ஒரு பெரிய கதவு தெரிந்தது. பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. அதை உடைத்து உள்ளே போனார். வெளியே வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் சிரித்தது.

மறுநாளே நாற்பது ஆட்களோடு இறங்கினார். முதல் பத்து நாள் கழுவுவதே வேலை. பதினோராம் நாள்தான் மூக்கிலிருந்து கையை எடுத்துப் பேச முடிந்தது. உடைந்த ஓடுகளுக்குப் பதிலாக, இடிந்து கிடந்த தேர்க்கொட்டகையிலிருந்து நல்ல ஓடுகள் வந்தன. அங்கே கிடந்த பழைய பலகைகள் கதவுகளாயின. விழுந்த மதிலின் செங்கற்களைப் பொறுக்கித் தரை போட்டார்கள். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தார்கள்.

நாற்பதாம் நாள் மன்னர் வந்து பார்த்தார். முழ அகலச் சுவர்கள், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், மேலே வரிசையாகக் காற்றுத் துளைகள். உச்சிவெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"எப்படிக் கட்டினீர்?"

"கல்யாணம் முடியட்டும் அரசே, சொல்கிறேன்."

கூட வந்த பூபதியார் விளக்குகள் தொங்கிய இரும்பு வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணநாள் வந்தது. முதல் பந்தியில் மன்னரும் சம்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "என் அரண்மனையில் விசிறி வீசவே பத்து ஆள். இங்கே விசிறியே இல்லாமல் காற்று வருகிறதே" என்றார் சம்பந்தி. மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் பூபதியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "வராமல் என்ன? இது யானைக்கொட்டில் ஆயிற்றே. விளக்கு தொங்குகிறதே, அதெல்லாம் யானைச் சங்கிலி மாட்டிய வளையங்கள்."

பந்தி அப்படியே நின்றது. சம்பந்தி கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். மன்னரின் முகம் சிவந்துவிட்டது.

"மாசிலாமணி, இது உண்மையா?"

"உண்மை அரசே. நான் எதையும் கட்டவில்லை. கட்டியவர் உங்கள் பாட்டனார். நான் கழுவி வெள்ளையடித்தேன், அவ்வளவுதான்."

"என் சம்பந்தியை யானை நின்ற இடத்திலா உட்கார வைத்தீர்?"

மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "போர் ஓய்ந்ததும் உங்கள் தந்தையார் இங்கிருந்த நூறு யானைகளையும் வேங்கைக்காட்டில் விட்டுவிட்டார். அவற்றுக்கு இப்போது அந்தக் காடுதான் வீடு. பூபதியார் அதை வெட்டி மண்டபம் கட்டியிருந்தால் யானைகள் சும்மா இருக்குமா? இன்றைக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து நேராக இங்கே வந்திருக்கும். 'எங்கள் வீட்டை வெட்டித்தானே இதைக் கட்டினீர்கள், எங்களுக்கும் இலை போடுங்கள்' என்று வாசலில் நின்றிருக்கும். அவற்றுக்கு இடம் கொடுக்க இந்தப் பந்தியில் நான் யாரை எழுப்புவேன், அரசே? உங்களையா, சம்பந்தியையா?"

முதலில் சிரித்தவர் சம்பந்திதான். சிரித்த சிரிப்பில் பாயசம் புரையேறிவிட்டது. அவர் தலையைத் தட்டிக்கொண்டே மன்னரும் சிரித்தார். பந்தி மறுபடி கலகலத்தது. பூபதியாரை மன்னர் பார்த்தார். "சும்மா நிற்காமல் சம்பந்திக்குத் தண்ணீர் கொண்டு வாரும்."

மறுநாள் மாசிலாமணிக்குப் பட்டும் பொன்னும் வந்தன. ஓர் உத்தரவும் வந்தது. இனி நாட்டில் யார் புதுக் கட்டடம் கேட்டாலும், முதலில் மாசிலாமணியோடு போய்ப் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அந்த உத்தரவுப்படி முதல் ஆளாக வந்து நின்றவர் மன்னரேதான். பிறக்கப்போகும் பேரன் விளையாட ஒரு மாளிகை வேண்டுமாம். மாசிலாமணி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.